திருச்சி போற பையில எண்ணெய், சோப்பு, ஷாம்பு: லக்கேஜ்ல போடுறதா, கையில தூக்குறதா, அங்க போய் வாங்குறதா?

எங்க வீட்டுல திருச்சிக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா அன்னைக்கு ராத்திரியே சண்டை ஆரம்பிச்சிரும். கல்யாணத்துக்கு எந்தப் புடவை, எந்தக் கோயிலுக்கு எந்த நாளு, இதெல்லாம் அப்புறம்தான், முதல்ல எண்ணெய் பாட்டில் எந்தப் பையில போவப் போவுது, அதான் பேச்சு. அம்மா ஒரு கட்சி, எல்லாத்தையும் பெரிய பாட்டிலாவே லக்கேஜ்ல போட்டு 20 கிலோவுக்கு காசு கட்டிரணும். தம்பி இன்னொரு கட்சி, பிரஷ் ஒண்ணை சட்டைப் பையில சொருகிக்கிட்டு போய் இறங்கி மத்ததெல்லாம் அங்க வாங்கிக்கலாம்பான். நான் ரெண்டுக்கும் நடுவுல, எல்லாத்தையும் சின்ன பாட்டில்ல ஊத்தி கையோட கொண்டு போற கட்சி. மூணு தடவை போய்ட்டு வந்ததுல மூணு விதமாவும் செஞ்சு பார்த்தாச்சு, மூணுலயும் ஒவ்வொரு விதமா பட்டாச்சு. இந்த வருஷக் கடைசி லீவுக்கு மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட்ல இருந்து நிறைய பேரு கிளம்புறீங்க போல, பாசார்ல பாக்குறவங்க எல்லாம் இதையேதான் கேக்குறாங்க, சரி உக்காந்து எழுதிருவோம்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கேஎல்ல இருக்கிறவங்களுக்கு திருச்சின்னா 4 மணி நேர ஃப்ளைட்டு, அவ்வளவுதான். நமக்கு அப்படியா? வீட்டை விட்டு கிளம்பி ஈப்போ அமான்ஜெயா பஸ் ஸ்டேசன் போய் அங்க இருந்து கேஎல்ஐஏ ஏர்போர்ட் பஸ்ஸு, இல்லாட்டி இங்கயே ஸ்டேசன்ல ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் போய் அப்புறம் ஏர்போர்ட் ரயிலு, அங்க போய் 3 மணி நேரம் முன்னாடியே வரிசையில நிக்கணும், அப்புறம்தான் ஃப்ளைட்டே. காலையில இங்க குளிச்சிட்டு கிளம்பினா அடுத்த குளியல் சொந்தக்காரங்க வீட்டுல மறுநாள்தான். கடிகாரத்தை வேற ரெண்டரை மணி நேரம் பின்னாடி தள்ளி வைக்கணும், அதனால அந்த நாளு இன்னும் நீளமாயிடும். அதனால எனக்கு கணக்கு ரொம்ப சிம்பிள், இந்தக் குளியலுக்கும் அந்த முதல் குளியலுக்கும் நடுவுல என்ன வேணும், அந்த முதல் குளியலுக்கு என்ன வேணும், அது ரெண்டுக்கு மட்டும்தான் நாம பொறுப்பு. அதுக்கப்புறம் வேணுங்கிறது தமிழ்நாட்டு மளிகைக் கடைக்காரர் பொறுப்பு. இந்தக் கணக்கை பிடிக்கிறதுக்கே எனக்கு மூணு பயணம் ஆச்சு.

இப்ப சட்டம். கைப்பையில தண்ணியா, கூழா, பேஸ்ட்டா, ஸ்பிரேயா இருக்கிற எதுவும் 100 மில்லிக்கு மேல போற பாட்டில்ல இருக்கக் கூடாது, எல்லா பாட்டிலையும் சேர்த்து ஒரு லிட்டர் பிடிக்கிற, உள்ள இருக்கிறது தெரியுற ஜிப் பையில போடணும், ஒரு ஆளுக்கு ஒரு பை. 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவு பை இருந்தா சரியா இருக்கும். 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல இருந்து அமெரிக்கா போற ஃப்ளைட்டுங்கள்ல ஜூஸ் பாட்டில் மாதிரி திரவ வெடிமருந்து கொண்டு போக இருந்தவங்களை பிடிச்சாங்க இல்ல, அதுல இருந்து வந்தது இது, அந்த வருஷ நவம்பர்லயே ஐரோப்பாவுல சட்டமாச்சு, மத்த பல நாடுங்களும் பிடிச்சிக்கிச்சு. இப்ப புது ஸ்கேனர் வச்ச சில ஏர்போர்ட்டுங்க விட்டுட்டாங்க, எடின்பரோ, பர்மிங்ஹாம் ரெண்டும் 2025ல 2 லிட்டர் வரைக்கும் விட ஆரம்பிச்சாங்க, ஆனா நாம போறது அங்க இல்லயே. போற ஊர்ல விட்டாலும் வர்ற ஊர்ல பிடிப்பாங்க, அதனால பழைய சட்டத்தை நினைச்சே பேக் பண்ணுங்க.

இதுல நம்ம ஆளுங்க அதிகமா மாட்டுறது எங்கன்னா, அளவு உள்ள இருக்கிறதுக்கு இல்ல, பாட்டிலுக்கு. என் பெரியம்மா ஒரு பெரிய பற்பசை டியூபை அழுத்தி அழுத்தி கடைசி துளி வரைக்கும் வந்த நிலைமையில கொண்டு வந்தாங்க, சப்பாத்தி மாதிரி தட்டையா இருந்துச்சு, செக்யூரிட்டியில எடுத்து கூடையில போட்டுட்டாங்க. "ஐயா, அதுல ஒண்ணுமே இல்லீங்களே"ன்னு பெரியம்மா கேட்டாங்க. ஒண்ணும் இல்லாததை எதுக்கு பெரியம்மா கொண்டு வந்தீங்கன்னு எனக்கும் கேக்கத் தோணுச்சு, கேக்கல. டியூப் மேல 175 கிராம்னு எழுதியிருந்தா அது 175 கிராம்தான், அவ்வளவுதான் அவங்க பாக்குறது. அதே மாதிரி ஊறுகாய், சம்பால், நெய், டைகர் பாம், விக்ஸ் எல்லாம் இந்தக் கணக்குலதான் வரும், கெட்டியா இருக்கேன்னு நினைக்காதீங்க. தேங்காய் எண்ணெய் உறைஞ்சு கல்லு மாதிரி இருந்தாலும் அது எண்ணெய்தான்.

சரி, அம்மா கட்சிக்கு வர்றேன். லக்கேஜ் காசு கட்டி எல்லாத்தையும் உள்ள போடுறது. இதுல வசதி உண்மைதான், 100 மில்லி தொல்லை இல்ல, ஜிப் பை இல்ல, செக்யூரிட்டியில மூச்சு முட்ட நிக்க வேணாம். லக்கேஜ்லயும் ஒரு எல்லை இருக்கு, சோப்பு சாமான், சென்ட், ஸ்பிரே, தைலம் இந்த மாதிரி சாமான் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 2 கிலோ இல்லாட்டி 2 லிட்டர், ஒவ்வொரு பாட்டிலும் அரை லிட்டருக்கு மேல போகக் கூடாது, ஸ்பிரே டின்னுக்கு மூடி கட்டாயம். சாதாரணமா யாரும் அந்த எல்லையை தொட மாட்டோம். காசு விசயத்துல ஒண்ணு, லக்கேஜை டிக்கெட் போடும்போதே வாங்கினாதான் மலிவு, கவுன்டர்ல போய் நின்னு வாங்கினா அந்த வெள்ளிக்கு, அதான் ரிங்கிட்டுக்கு, ஒரு குடும்பம் பசியாறிட்டு மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுடலாம். நாலு பேரு போனா நாலு லக்கேஜ் வேணாம், ஒண்ணு போதும், ஆனா ஒரு பெட்டி 32 கிலோவை தாண்டக் கூடாது, தூக்குறவங்க முதுகுக்காக வச்ச கணக்கு அது.

ஆனா ஒழுகும். இதை நான் ரெண்டாவது பயணத்துல படிச்சேன். பாதி தீர்ந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலு, மூடியை நல்லா இறுக்கித்தான் அம்மா வச்சாங்க, திருச்சியில பெட்டியை திறந்தா கல்யாணத்துக்கு எடுத்து வச்ச பட்டுப்புடவையில மலேசியா வரைபடம் மாதிரி ஒரு கறை. சபாவும் இருக்கு சரவாக்கும் இருக்கு. அம்மா மூடியை குறை சொன்னாங்க, தம்பி கம்பெனியை குறை சொன்னான், உண்மையில குத்தம் பாட்டில்ல இருந்த காத்துமேல. நம்ம ஊரு ஆளுங்களுக்கு இது ஈசியா புரியும். சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலைக்கு ஏறும்போது காருக்குள்ள இருக்கிற கெரோப்போ பாக்கெட்டு பலூன் மாதிரி உப்பிக்கும் பாத்திருப்பீங்க. ஃப்ளைட்டுக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கிற மாதிரி இருக்காது, 1,800ல இருந்து 2,400 மீட்டர் உயர மலையில நிக்கிற மாதிரிதான் வச்சிருப்பாங்க, அதாவது கிட்டத்தட்ட பிரிஞ்சாங் மலை உச்சியில நிக்கிற மாதிரி. லக்கேஜ் வைக்கிற இடத்துலயும் அப்படித்தான். பாட்டில்ல பாதி காத்து இருந்தா அந்தக் காத்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூட விரியும், விரிஞ்சா எங்க போகும், எண்ணெயை தள்ளிக்கிட்டு மூடி வழியா வரும். பாதி பாட்டிலுதான் அதிகமா ஒழுகுறதுக்கு காரணம் இதான். முழு பாட்டில்ல காத்து கொஞ்சம்தான்.

அதனால லக்கேஜ்ல போடுறதா இருந்தா நெகிழி பாட்டிலை லேசா அமுக்கி உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தி அப்படியே மூடியை போடுங்க, மேல ஏறும்போது விரியறதுக்கு அதுக்கு இடம் கிடைச்சிரும். மூடியை கழட்டி வாய்மேல சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒண்ணை வச்சு அதுக்கு மேல திருகுங்க. அப்புறம் தனி ஜிப் பையில போட்டு பெட்டி ஓரத்துல நிமிர்த்தி வைங்க, புடவைக்கு நடுவுல இல்ல. எங்க அம்மா புடவைக்கு நடுவுல வச்சதுக்கு காரணம் பாட்டில் உடையக் கூடாதுன்னு. பாட்டில் உடையல, உண்மைதான்.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் சிரிப்பு. அம்மா பெட்டியில ஆறு மைசூர் சந்தன சோப்பு இருந்துச்சு. இங்க கடையில வெள்ளி குடுத்து வாங்கினது, எங்க செஞ்சதுன்னு அட்டைப்பெட்டியில பாருங்கம்மான்னு சொன்னேன். பெங்களூர். பெங்களூர்ல செஞ்ச சோப்பு கப்பல்ல ஏறி மலேசியா வந்து சுங்கை சிப்புட்ல ஒரு கடை அலமாரியில உக்காந்து நம்ம லக்கேஜ்ல காசு கட்டி ஏறி மறுபடியும் இந்தியாவுக்கே போவுது. "அங்க கிடைக்கிறதுல இந்த வாசம் வராதுடி"ன்னாங்க. இதுக்கு மேல பேச முடியுமா?

இப்ப என் கட்சி, கைப்பை. இதோட பெரிய லாபம், இறங்கினதும் பெட்டி சுத்துற பெல்ட்டு பக்கத்துல காத்துக்கிட்டு நிக்க வேணாம், நேரா வெளிய வந்துடலாம். நட்டம், மலிவு டிக்கெட்டுல கையில தூக்குறதுக்கு 7 கிலோதான், அதுல துணி, செருப்பு, சார்ஜர் எல்லாம் போக எண்ணெய் சோப்புக்கு ஒரு கிலோ ஒதுக்கினாலே பெரிசு. நான் இதுக்கு உக்காந்து கணக்கு போட்டேன், ஏன்னா நாம எவ்வளவு உபயோகிக்கிறோம்னு நமக்கே தெரியாது. ஷாம்பு ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட்டு அளவு, அதாவது 6 மில்லின்னு வச்சுக்குங்க, வாரத்துக்கு மூணு தடவை தலைக்கு குளிச்சா ரெண்டு வாரத்துக்கு 36 மில்லி. பற்பசை ஒரு தடவைக்கு ஒரு கிராம், நாளைக்கு ரெண்டு தடவை, ரெண்டு வாரத்துக்கு 28 கிராம், 40 கிராம் டியூப் மிச்சமாவே இருக்கும். இதுக்கு போய் 340 மில்லி பாட்டிலும் பெரிய டியூபும் தூக்கிக்கிட்டு போயிருக்கேன் நான், ஒரு தடவை இல்ல.

பாட்டிலுக்கு எங்கயும் அலைய வேணாம். கிளினிக்ல இருமல் மருந்து ஊத்திக் குடுக்கிற பிளாஸ்டிக் பாட்டில் இருக்கு பாருங்க, பக்கவாட்டுல மில்லி கோடு போட்டிருக்கும், திருகு மூடி, 60 மில்லி அளவு. அதை கழுவி காய வச்சா அதைவிட நல்ல பாட்டிலு எந்தக் கடையிலயும் கிடைக்காது, செக்யூரிட்டிக்கு அளவும் தெரியும். ஒரே விலைக் கடையில விக்கிற பயண பாட்டில் செட்டை நானும் வாங்கினேன், அழகா இருக்கு, தட்டித் திறக்கிற மூடி, அதான் பிரச்சனை, பையில அமுங்கினா தானா திறந்துக்கும். திருகு மூடிதான் நல்லது. மருந்து பாட்டில்ல ஊத்தினதும் மேல ஷாம்புன்னு ஒட்டிருங்க, வீட்டுல வயசானவங்க இருக்காங்க, இருமல் மருந்துன்னு நினைச்சு குடிச்சிட்டா?

ஜிப் பை ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னேன் இல்ல, புள்ளைக்கும் ஒண்ணு உண்டு. டிக்கெட் எடுத்து சீட்டுல உக்காந்து வர்ற நாலு பேருன்னா நாலு பை. என் மகனுக்கு 9 வயசு, அவனுக்குன்னு இருக்கிறது ஒரு பிரஷ்ஷும் சின்ன டியூபும்தான், அவன் பையில என் தேங்காய் எண்ணெய், அம்மாவோட முகத்துக்கு போடுற கிரீம் எல்லாம் போச்சு. பசங்க பையை அவனவன் கையில குடுத்துடுங்க, அவங்களுக்கும் பெரிய மனுசன் மாதிரி ஒரு கர்வம் வரும்.

கட்டி சாமான்தான் நல்லதுன்னு ஒரு கூட்டம் சொல்லும், இதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா நானும் அதுல விழுந்தேன். தண்ணியே இல்லாத சாமான் எடுத்துக்கிட்டா 100 மில்லி சட்டமே கிடையாது. சோப்பு கட்டி, கட்டி ஷாம்பு, பல்பொடி, சீயக்காய்த் தூள், அக்குளுக்கு படிகாரக் கல்லு, எல்லாம் ஜிப் பைக்கு வெளிய வச்சுக்கலாம். அருமையா இருக்கே, பாட்டிமாருங்க லயத்து வீட்டுல இருந்தப்ப இதைத்தானே உபயோகிச்சாங்கன்னு நினைச்சு முதல் தடவை அப்படித்தான் போனேன், சோப்பு மாதிரியே செஞ்ச ஒரு கட்டி ஷாம்பு வாங்கிக்கிட்டு. இங்க வீட்டுல தேய்ச்சா நுரை பொங்குது. அங்க அத்தை வீட்டுல ஆழ்துளைக் கிணத்து தண்ணி, அவங்க உப்புத் தண்ணிம்பாங்க, தேய்க்கிறேன் தேய்க்கிறேன் நுரையே வரல, தலைமுடி பசை தடவின மாதிரி ஒட்டிக்கிச்சு, சீப்பு உள்ள போகல.

காரணம் அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அந்தத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் அதிகம், கடினத் தண்ணி. எண்ணெயும் காரமும் சேர்த்து செய்யுற உண்மையான சோப்பு அந்தக் கால்சியத்தோட சேர்ந்து கரையாத ஒரு படலமா மாறிடும், அதான் முடியில ஒட்டுற பசை, வாளி ஓரத்துல நிக்கிற வெள்ளை வளையம். நம்ம பேராக் பைப் தண்ணியில இந்தப் பிரச்சனை அவ்வளவா தெரியாது, அதனால நமக்கு இது புதுசா இருக்கு. பாட்டில்லயும் பாக்கெட்டுலயும் வர்ற ஷாம்பு சோப்பு இல்ல, வேற வகை, அது கடினத் தண்ணியிலயும் நுரைக்கும். கட்டி ஷாம்புலயும் அந்த வகை இருக்கு, ஆனா அட்டையை படிச்சு வாங்கணும், சோப்பு மாதிரி செஞ்சதா ஷாம்பு மாதிரி செஞ்சதான்னு. சீயக்காய்த் தூள் அந்தத் தண்ணிக்கும் ஒத்துப்போவுது, அத்தை வருஷக்கணக்கா அதைத்தான் போடுறாங்க, முடி என்னமோ என்னைவிட அவங்களுக்குத்தான் அடர்த்தி. குளிக்கிற சோப்புக்கு கட்டி சரி, உடம்புக்கு கொஞ்சம் நுரை குறைஞ்சா என்ன. தலைக்கு வேணாம்.

பவுடர் விசயம் ஒரு வரி. இந்தியாவுக்கு பிரச்சனை இல்ல, ஆனா ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் மக வீட்டுக்கு போறவங்க குட்டிக்குரா டின்னை கையில எடுக்காதீங்க, 2018ல இருந்து 350 மில்லிக்கு மேல பவுடர்னா அங்க போற ஃப்ளைட்டுக்கு தொல்லைதான், லக்கேஜ்ல போட்டுடுங்க.

தம்பி கட்சி. ஒண்ணும் வேணாம், அங்க வாங்கிக்கலாம். இதை கேக்க சோம்பேறித்தனமா இருக்கும், ஆனா யோசிச்சா அவன் சொல்றதுலதான் பாதி நியாயம். ஏன்னா நாம போற இடம் எது? ஷாம்புவை பாக்கெட்டுல அடைச்சு விக்கலாம்னு உலகத்துக்கு காட்டின ஊரு. கடலூர்ல சின்னி கிருஷ்ணன்னு ஒருத்தரு, பணக்காரங்க உபயோகிக்கிறதை கூலிக்காரனும் வாங்குற மாதிரி சின்ன பாக்கெட்டுல குடுக்கணும்னு நினைச்சாரு, அவரு மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயை வச்சு சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு, அந்த சிக்கே அப்பா பேரோட எழுத்துதான். இன்னைக்கும் எந்த பெட்டிக் கடை வாசல்லயும் சரம் சரமா தொங்குது, கிழிச்சு குடுப்பாங்க, நம்ம சென் கணக்குல கூட பத்து இருபது சென்னுக்குள்ள முடிஞ்சிரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், என்எஸ்பி ரோட்டுல நடந்தா சோப்பு, எண்ணெய், பவுடர், சீப்பு எல்லாம் பத்து நிமிசத்துல வாங்கிடலாம், மலைக்கோட்டையையும் பாத்த மாதிரி ஆச்சு.

அவனுக்கு அடி எங்க விழுந்துச்சுன்னா, ஃப்ளைட்டு ராத்திரி இறங்குச்சு. வெளிய வந்து டாக்ஸி பிடிச்சு மாமா வீட்டுக்கு போய் சேர நடுராத்திரி, எந்தக் கடை திறந்திருக்கும்? மறுநாள் விடியக்காலையில முகூர்த்தம், எல்லாரும் வரிசையா குளிக்கிறாங்க, இவன் கையில ஒரு பிரஷ்ஷு மட்டும். மாமா வீட்டுப் பற்பசையை எடுத்துக்கலாம்தான், ஆனா மலேசியாவுல இருந்து வந்த மாப்பிள்ளைப் பையன் பல்லு விளக்க பேஸ்ட் கேட்டான்னு அந்தத் தெருவே இன்னும் சொல்லும். "ஏன் மாப்ள, அங்க பேஸ்ட் கிடைக்கிறதில்லயா?"ன்னு மாமா கேட்டாரு பாருங்க, அவன் முகத்தை பாத்திருக்கணும். வழியிலயும் தொல்லைதான், அமான்ஜெயாவுல முகம் கழுவ ஒண்ணும் இல்ல, கேஎல்ஐஏல பசியாறினப்புறம் கை துடைக்க டிஷ்யூ இல்ல, எல்லாத்துக்கும் என் பைதான்.

இப்ப மருந்து, இதுல மட்டும் கட்சி பேச்சே கிடையாது. நம்ம வீடுங்கள்ல இனிப்பு நீர் இல்லாத வீடு எத்தனை இருக்கு? இன்சுலின் ஊசி போடுறவங்க அதை லக்கேஜ்ல போடவே கூடாது, கீழ குளிர்ல உறைஞ்சா மருந்து வேலை செய்யாது, பெட்டி வேற ஊருக்கு போயிட்டா அதைவிட ஆபத்து. கைப்பையில வைங்க, டாக்டர் கடிதத்தோட, மருந்து சீட்டு பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற பேரா இருக்கணும். மருந்துக்கும் கைக்குழந்தை பாலுக்கும் 100 மில்லி சட்டம் இல்ல, பயணத்துக்கு வேணுங்கிற அளவு விடுவாங்க, ஆனா எடுத்து காட்டணும், பையில அடியில புதைச்சு வச்சிட்டு அவங்க கேட்டப்புறம் துழாவாதீங்க.

எல்லாத்தையும் குழப்புறது தைலம். அங்க இருக்கிற சொந்தக்காரங்களுக்கு மலேசியாவுல இருந்து வந்தா கோடாலி தைலம் இல்லாம போக முடியுமா? சாக்லேட் மறந்தாலும் மன்னிச்சிருவாங்க, கோடாலி தைலம், டைகர் பாம் ரெண்டும் மறந்தா அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ஒரு பாட்டிலு 56 மில்லிதான், கையில கொண்டு போற அளவுதான், ஆனா பதினஞ்சு வீட்டுக்கு பதினஞ்சு பாட்டிலு, அட்டைப்பெட்டியோட அந்த ஒரு லிட்டர் பையில அடங்குமா? அடங்காது, நானும் திணிச்சு பாத்தேன், பை மூடினாதான் கணக்கு. இதுல பாதியை சின்ன பாட்டிலா, 10 மில்லியோ 14 மில்லியோ வாங்கினா அடங்கும், வயசானவங்களுக்கு இடுப்புல சொருகிக்கவும் சின்னதுதான் வசதி, மாமாமாருக்கு மட்டும் பெரிசு. கல்யாணத்துக்கு போறோம், தைலம் இருபது பாட்டிலுன்னா அப்ப லக்கேஜ் வாங்கித்தான் ஆகணும், வேற பேச்சு இல்ல. கோயில் சுத்த மட்டும் போறோம், நாலு வீடுதான்னா கைப்பையே போதும்.

கோயில்னு சொன்னதும் ஞாபகம் வருது, சூடம் எடுத்துக்காதீங்க. கையிலயும் வேணாம், லக்கேஜ்லயும் வேணாம், அது சட்டுனு தீப்பிடிக்கிற சாமான், ஏத்தக் கூடாது. பழனியில சூடம் கிடைக்காதான்னு நான் கேட்டா பெரியம்மாவுக்கு கோபம் வருது. விபூதி தாராளமா கொண்டு போகலாம். முகம் மழிக்கிற பிளேடு தனியா இருந்தா, நகம் வெட்டுற சின்ன கத்தரிக்கோல் இருந்தா லக்கேஜ்ல போடுங்க, லக்கேஜ் இல்லயா, வீட்டுலயே வச்சிட்டு போங்க, தூக்கி எறியுற ரேசர் ஒண்ணு போதும்.

அப்ப யாருக்கு எது? தனியா போற வாலிபப் பசங்க, தம்பி மாதிரி, கைப்பை மட்டும் போதும், ஆனா வெறுங்கையோட போகாதீங்க, ஒரு சின்ன டியூபு, ரெண்டு பாக்கெட் ஷாம்பு, அரை சோப்பு, வெட் டிஷ்யூ, அந்த முதல் குளியலுக்கு அவ்வளவுதான் வேணும். சோப்பை பாதியா வெட்டி எடுத்துக்குங்க, ஈரமா வைக்காதீங்க, முதல் நாளே வெட்டி காய விடுங்க. பொம்பளைங்க நாலு பேரு சேர்ந்து கோயில் சுத்த போனா ஆளுக்கு ஒரு ஜிப் பை, எண்ணெய் ஒருத்தர் பையில, கிரீம் ஒருத்தர் பையில, ஆளாளுக்கு ஒரே சாமானை தூக்காம பேசி பிரிச்சுக்குங்க, இந்தப் பேச்சை வாட்சாப்ல வேணாம், நேர்ல பேசுங்க, போன தடவை நாலு பேரும் எண்ணெய் கொண்டு வந்தோம், ஒருத்தரும் பேஸ்ட் கொண்டு வரல. வயசானவங்க கூட போனா, அவங்களுக்கு பழகின சோப்பு பழகின எண்ணெய் இல்லாட்டி குளியலே இறங்காதுன்னா, குடும்பத்துக்கு ஒரு லக்கேஜ் வாங்கிருங்க, அந்த வெள்ளியை மிச்சம் பிடிச்சு ரெண்டு வாரம் பேச்சு வாங்குறதுக்கு இது பரவாயில்ல. அங்க கிடைக்கிறதுல வாசம் வராதுன்னா வராதுதான்.

இன்னொன்னு, லக்கேஜை போக வர ரெண்டு பக்கமும் சேர்த்து வாங்கணும்னு சட்டம் இல்ல. மலிவு டிக்கெட்டுல ஒரு பக்கம் மட்டும் தனியா வாங்கலாம். நான் இந்தத் தடவை போகும்போது கைப்பை, வரும்போது மட்டும் 20 கிலோ போட்டிருக்கேன், ஏன்னா வரும்போதுதான் செக்கு நல்லெண்ணெய், அத்தை போட்டுக் குடுக்கிற நார்த்தங்காய் ஊறுகாய், சீயக்காய்த் தூள் ரெண்டு கிலோ, அந்த ஊறுகாய் ஜாடியை கையில கொண்டு வந்தா திருச்சி செக்யூரிட்டியிலயே போயிரும். தைலத்துக்கு என்ன செஞ்சேன்னு கேப்பீங்க, பெரியம்மா லக்கேஜ் வாங்கியிருக்காங்க, அதுல இடம் கேட்டிருக்கேன். "உன் தைலத்தை வைக்கிறேன், என் புடவைக்கு நடுவுல வைக்க மாட்டேன்"ன்னு சொல்லிட்டாங்க.